கரண்டே வாங்காத மக்கள் பெயரில் கரண்ட் ஹீட்டர்: அமெரிக்காவைக் கலக்கிய 'அமிஷ்' விளம்பரம் சொன்னதும் சொல்லாததும்

நீளத் தாடி, வட்டத் தொப்பி, சஸ்பெண்டர் போட்ட பேன்ட். மரப் பட்டறையில் குனிந்து வேலை பார்க்கும் ஆண்கள். வெள்ளைத் துணியால் தலையை மூடிய பெண்கள். குதிரை வண்டி. இவர்களுக்கு நடுவே கணகணவென்று எரியும் ஒரு கணப்பு அடுப்பு.

2008, 2009 குளிர்காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளைப் புரட்டியவர்கள் இந்தக் காட்சியைத் தவறவிட்டிருக்கவே முடியாது. முழுப் பக்க விளம்பரம். பார்த்தால் விளம்பரம் மாதிரியே இருக்காது, செய்தி மாதிரி இருக்கும். அமிஷ் மக்களின் 'அதிசயம்' வீட்டு ஹீட்டிங் செலவைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவருகிறது என்ற தொனியில் கொட்டை எழுத்தில் தலைப்பு. விற்றது ஓஹையோ மாகாணம் கேன்டன் பகுதியைச் சேர்ந்த ஹீட் சர்ஜ் என்ற நிறுவனம். பொருளின் பெயர் ரோல்-என்-க்ளோ. சக்கரம் வைத்த, ப்ளக்கில் மாட்டும் எலக்ட்ரிக் ஹீட்டர்.

ஒரு நிமிஷம். அமிஷ் மக்கள்தான் கரண்ட் கனெக்‌ஷனே வாங்க மாட்டார்களே? அவர்கள் எப்படி கரண்ட் ஹீட்டர் செய்தார்கள்?

செய்யவில்லை. விஷயமே இங்கதான் இருக்கு.

யார் இந்த அமிஷ்?

சுவிட்சர்லாந்து, ஜெர்மனி பகுதிகளில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு. 1693இல் யாக்கோப் அம்மான் என்ற மதத் தலைவர் பிரிந்து வந்ததில் தொடங்கியது. அவர் பெயரிலிருந்து வந்ததுதான் 'அமிஷ்'. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் குடியேற ஆரம்பித்தார்கள். இன்று 3.5 லட்சத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். பெரும்பாலும் பென்சில்வேனியா, ஓஹையோ, இந்தியானா மாகாணங்களில். வீட்டில் பேசுவது ஜெர்மன் மொழியின் ஒரு வட்டார வழக்கு.

இவர்கள் கார் ஓட்டுவதில்லை. பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுப்பதில்லை. கரண்ட் பாவம் என்று நினைப்பதால் அல்ல. வெளியுலகத்தோடு கம்பி போட்டுக் கட்டிக்கொண்டால் டிவி வரும், அது வரும், இது வரும், கடைசியில் குடும்பமும் ஊரும் கலைந்துவிடும் என்ற கணக்கு. அதனால் சபைக்குச் சபை விதி மாறும். சிலர் பேட்டரி வைத்துக்கொள்வார்கள், சிலர் சோலார்கூட வைத்திருக்கிறார்கள். மரப் பட்டறைகளில் டீசல் இன்ஜின் ஓட்டி, அழுத்தக் காற்றில் இயங்கும் கருவிகளை வைத்து வேலை செய்வார்கள். கையால் உளி பிடித்து மட்டுமே செதுக்குகிறார்கள் என்ற கற்பனை பாதிதான் உண்மை.

இன்னொன்று, போட்டோ. ஞானஸ்நானம் பெற்ற அமிஷ் பெரியவர்கள் கேமரா முன் போஸ் கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். உருவம் செய்யாதே என்ற பைபிள் கட்டளை ஒரு காரணம், தற்பெருமை கூடாது என்பது இன்னொரு காரணம். அப்படிப்பட்ட மக்களின் படம் நாடு முழுக்க முழுப் பக்க விளம்பரத்தில் வருகிறது என்றால் புருவம் உயரத்தானே செய்யும்?

ஆனா சாதாரண வாசகருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்த அமிஷ் என்பது 1985இல் ஹாரிசன் ஃபோர்டு நடித்து வெளிவந்த 'விட்னஸ்' படத்தில் ஊரே கூடி ஒரே நாளில் மரக் களஞ்சியத்தைக் கட்டி எழுப்பும் காட்சி. நேர்மை, கைவேலை, சிக்கனம், கடவுள் பயம். நம்ம ஊரில் 'பாட்டி கைப்பக்குவம்' என்று பாக்கெட்டில் போட்டு விற்பதற்கு என்ன மதிப்போ, அமெரிக்காவில் 'அமிஷ்' என்ற ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அதே மதிப்பு. நாற்காலியிலிருந்து வெண்ணெய் வரை அந்தப் பெயரில் விற்கிறது. அந்தச் சொல்லுக்கு உரிமை கொண்டாட ஒரு தலைமை அமைப்பு கிடையாது. கோர்ட் படி ஏறுவதையும் அந்த மக்கள் பொதுவாகத் தவிர்ப்பவர்கள். அதனால் யார் எப்படிப் பயன்படுத்தினாலும் கேள்வி கேட்க ஆள் வருவது அபூர்வம்.

அப்போ அமிஷ் செய்தது என்ன?

மரம். அதாவது ஹீட்டரைச் சுற்றியிருக்கும் மேன்டில் என்ற மரச்சட்டம். கணப்பு அடுப்புக்கு மேலே போட்டோ, பூச்சாடி வைக்கிற பலகை இருக்குமே, அந்தப் பகுதி. இதை ஓஹையோவின் அமிஷ் தச்சர்கள் செய்கிறார்கள் என்றது நிறுவனம். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஹீட்டர் சீனாவில் தயாரானது. அதை விளம்பரமும் மறைக்கவில்லை. பொடி எழுத்துப் பத்திகளுக்கு நடுவே, சீனாவின் உயர்ந்த தொழில்நுட்பம் என்று அதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டது. எரிவது போலத் தெரியும் நெருப்பு நெருப்பே இல்லை, வெளிச்சத்தை வைத்துச் செய்யும் கண்கட்டு.

அடுத்தது 'இலவசம்'. ஹீட்டரின் மதிப்பு 249 டாலர், அது உங்களுக்கு ஃப்ரீ. மரச்சட்டத்துக்கு மட்டும் 298 டாலர் கொடுத்தால் போதும், அனுப்பும் செலவு தனி. நம்ம ஊர் தள்ளுபடிக் கடைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதுசு இல்லை. சட்டை இலவசம், பட்டன் 900 ரூபாய்.

இந்த மாதிரி 'ஃப்ரீ'க்கு அமெரிக்காவில் 1971இலேயே வழிகாட்டு விதி வந்துவிட்டது. விளம்பரங்களைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் கொண்டுவந்தது. ஒன்றை வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று சொல்லலாம். ஆனால் அந்த இலவசத்தின் விலையை வாங்குகிற பொருளின் தலையில் ஏற்றி வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இதோடு அவசரமும் சேர்ந்துகொண்டது. குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் போன் செய்ய வேண்டும், ஒரு வீட்டுக்கு இரண்டுதான் தருவோம் என்று ரேஷன் கடை மாதிரிக் கட்டுப்பாடு. கட்டுரையின் தொடக்கத்தில் ஊர்ப் பெயர் போடும் இடத்தில் 'யு.எம்.எஸ்.' என்று ஒரு சுருக்கெழுத்து. ஏ.பி., ராய்ட்டர்ஸ் மாதிரி ஏதோ செய்தி நிறுவனம் என்று தோன்றும். விரித்தால் யுனிவர்சல் மீடியா சிண்டிகேட். செய்தி நிறுவனம் அல்ல, விளம்பரம் தயாரிக்கும் இடம். பக்கத்தின் உச்சியில் 'விளம்பரம்' என்று சின்னதாக ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்

ஹீட்டர் எவ்வளவு சூடு தரும்? அதிகபட்சம் 5,119 பி.டி.யு. என்றது விளம்பரம். சூட்டை அளக்கும் அமெரிக்க அளவு அது. ஐயாயிரத்துச் சொச்சம் என்றதும் பெரிய எண்ணாகத் தெரியும். நமக்குப் புரிகிற மொழியில் சொன்னால் 1500 வாட்ஸ். பக்கெட்டில் போட்டுத் தண்ணி காய வைக்கிற வாட்டர் ஹீட்டர் ராடு இருக்குமே, அதில் பெரிய சைஸ் ராடு எடுக்கும் அதே கரண்ட், தரும் அதே சூடு.

ஏன் சரியாக 1500? அமெரிக்க வீடுகளில் சாதாரண ப்ளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1800 வாட்ஸ். மணிக்கணக்கில் ஓடும் ஒரு சாதனம் அந்த முழு அளவையும் இழுத்தால் ஃப்யூஸ் போகும், ஒயர் சூடாகும். அதனால் அந்த ஊரில் ப்ளக்கில் மாட்டும் ஹீட்டர் எதுவாக இருந்தாலும் கிட்டத்தட்ட 1500 வாட்ஸோடு நின்றுவிடும். 40 டாலருக்கு சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஹீட்டரும் 1500தான். தேக்கு வைத்து இழைத்தாலும், தங்கமே பூசினாலும் 1500தான்.

சரி, உள்ளே ஏதாவது சிறப்புத் தொழில்நுட்பம் இருந்தால் அதே கரண்டில் கூடுதல் சூடு வருமா? வராது. காயிலில் கரண்ட் பாயும்போது அது முழுவதும் சூடாகத்தான் மாறும். மட்டமான ஹீட்டரிலும் அப்படித்தான், உசத்தி ஹீட்டரிலும் அப்படித்தான். வேறு எந்த மின்சாதனத்திலும் வீணாகப் போகிற சக்தி என்பது சூடுதான். ஹீட்டரில் நமக்கு வேண்டியதே அந்தச் சூடு என்பதால் வீண் என்று ஒன்றே இல்லை. ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்டுக்கும் மேல் சூடு தர வேண்டுமென்றால் ஏ.சி.யைத் திருப்பிப் போட்ட மாதிரி இயங்கும் ஹீட் பம்ப் வேண்டும். அது வெளியில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்துவரும். இந்தப் பெட்டியில் அது கிடையாது.

அடுத்து செலவு. ஒரு காபி மேக்கரைவிடக் குறைவான கரண்ட்தான் எடுக்கும், மணிக்கு சுமார் 9 சென்ட்தான் ஆகும் என்று சொன்னது விளம்பரம்.

காபி மேக்கர் ஒப்பீடு கேட்க நன்றாக இருக்கிறது. தண்ணியைக் கொதிக்க வைக்கும் நேரத்தில் அதுவும் ஆயிரம் வாட்ஸுக்கு மேல் இழுக்கும் சாதனம்தான். ஆனா காபி மேக்கர் பத்து நிமிஷம் ஓடும். ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடும்.

9 சென்ட் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். 2008இல் அமெரிக்க வீடுகளில் ஒரு யூனிட் கரண்ட் விலை சராசரியாக 11 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். 1500 வாட்ஸ் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். அதாவது சுமார் 17 சென்ட். 9 சென்ட் வர வேண்டும் என்றால் ஹீட்டரைக் கிட்டத்தட்டப் பாதி வேகத்தில், குறைந்த செட்டிங்கில் ஓட்ட வேண்டும். அப்போ சூடும் பாதிதான் வரும். சூடு எவ்வளவு என்று சொல்லும்போது முழு வேகக் கணக்கு, காசு எவ்வளவு என்று சொல்லும்போது அரை வேகக் கணக்கு. இரண்டு எண்ணும் தனித்தனியாக உண்மை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் தப்பாகப் போகிறது.

முழு வேகத்தில் தினமும் 8 மணி நேரம் ஓட்டினால் மாதம் 360 யூனிட். அன்றைய விலையில் ஏறக்குறைய 40 டாலர் கரண்ட் பில்லில் கூடும்.

பில் குறையவே குறையாதா?

குறையலாம். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. விளம்பரம் சொன்ன வழியிலும் ஒரு உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் ஃபர்னஸ் என்ற ஒரே பெரிய அடுப்பு மொத்த வீட்டையும் சூடாக்கும். அதை இயக்கும் தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிட்டு, ஆள் இருக்கும் ஒரு அறையில் மட்டும் ஹீட்டர் போட்டால் மொத்தச் செலவு குறைய வாய்ப்பு உண்டு. நான்கு பெட்ரூம் வீட்டில் தனியாக இருப்பவருக்கு இது உதவும்.

ஆனா இதில் சேமிப்பு எங்கிருந்து வருகிறது? ஃபர்னஸைக் குறைத்ததிலிருந்து. ஹீட்டரிலிருந்து அல்ல. 40 டாலர் ஹீட்டர் வாங்கியிருந்தாலும் இதே சேமிப்பு வந்திருக்கும். ஃபர்னஸைக் குறைக்காமல் கூடுதலாக இதையும் ஓட்டினால் பில் ஏறத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கல், அமெரிக்காவில் ஏராளமான வீடுகள் இயற்கை எரிவாயுவில் சூடாகின்றன. 2008 விலையில் பார்த்தால் அதே அளவு சூட்டைக் கரண்ட்டில் பெற எரிவாயுவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு. ஒரு சராசரி வீட்டு ஃபர்னஸின் திறன் 60,000 முதல் 1,00,000 பி.டி.யு. வரை இருக்கும். 5,119 அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு அறையைத் தாண்டி இந்தப் பெட்டியால் எதுவும் செய்ய முடியாது.

நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸும் இந்த ஹீட்டரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. அந்த அளவுக்கு நாடு முழுக்கப் பேச்சாகியிருந்தது.

யார் வாங்கினார்கள் என்பதுதான் கவலை

2008 எப்படிப்பட்ட வருஷம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜூலையில் கச்சா எண்ணெய் ஒரு பேரல் 147 டாலரைத் தொட்டது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவால். வேலை போகிறது, சேமிப்பு கரைகிறது, பனிக்காலம் வருகிறது. இந்த விளம்பரம் வந்ததோ அச்சுப் பத்திரிகையில். 2008இல் காலை எழுந்து பேப்பரை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்துக்கொண்டிருந்தவர்கள் யார்? வயதானவர்கள். மாதாமாதம் வரும் பென்ஷனை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர்கள். அவர்களுக்கு 298 டாலர் சின்னத் தொகை இல்லை.

பணம் போவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. தெர்மோஸ்டாட்டைக் குறையுங்கள், ஹீட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற அறிவுரை இளைஞருக்குச் சரி. வயது ஏற ஏற உடம்பு குளிரை உணர்வதே மந்தமாகிவிடும். அதனால்தான் அமெரிக்க அரசின் முதுமை குறித்த தேசிய ஆய்வு நிறுவனம், முதியவர்கள் வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 20 டிகிரி செல்சியஸ் வைத்திருக்கச் சொல்கிறது. ஹால் சூடாக இருக்கிறது என்று நம்பி, ராத்திரி பாத்ரூம் போகும் வழி ஐஸ் பெட்டி மாதிரி இருந்தால்? ரொம்பக் குறைத்துவிட்டால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும் ஆபத்தும் உண்டு. அந்த ரிப்பேர் செலவுக்கு முன்னால் ஹீட்டிங் பில் ஒன்றுமே இல்லை.

பொய் எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தால் பிடிப்பது கஷ்டம். மரச்சட்டம் அமிஷ் வேலை, சரி. ஹீட்டர் சீனா, சொல்லிவிட்டார்கள். 5,119 பி.டி.யு.; சரியான பெருக்கல். பில் குறைய வாய்ப்பு உண்டு, நிபந்தனையோடு சரி. 'விளம்பரம்' என்ற சொல். சின்னதாக இருந்தாலும் இருக்கிறது.

ஆனா பக்கத்தை மடித்து வைத்துவிட்டு ஒருவர் மனைவியிடம் என்ன சொல்வார்? "அமிஷ்காரங்க ஒரு ஹீட்டர் கண்டுபிடிச்சிருக்காங்களாம், ஃப்ரீயா தராங்களாம், பில் பாதியா குறையுமாம், பேப்பர்ல போட்டிருக்கான்." இதில் ஒரு வாக்கியம்கூட உண்மை இல்லை.

அமெரிக்கச் சட்டம் இந்த இடைவெளியைத்தான் பார்க்கிறது. 1983இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் வெளியிட்ட கொள்கை அறிக்கையின்படி, ஒரு விளம்பரத்தின் தனித்தனி வாக்கியம் சரியா என்பது மட்டும் முக்கியமில்லை. சாதாரண மனிதர் அதைப் பார்த்து முடிக்கும்போது மொத்தமாக அவர் மனதில் என்ன பதிகிறது என்பதே அளவுகோல். பெரிய எழுத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பொடி எழுத்தில் அதைத் திருத்தினால் போதாது. படமும் ஒரு கூற்றுதான். இந்த அளவுகோலோடு அந்த முழுப் பக்கத்தைப் பார்த்தால், தாடிக்காரர்கள் அங்கே சும்மா நிற்கவில்லை என்பது புரியும். வாக்கியத்தால் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் அவர்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

செய்தி வேஷம் போட்ட விளம்பரங்களுக்கு என்றே 2015 டிசம்பரில் அதே கமிஷன் தனி அறிக்கை வெளியிட்டது. பார்த்தவுடன் விளம்பரம் என்று தெரிய வேண்டும், படித்து முடித்த பிறகு அல்ல என்பது அதன் அடிப்படை. அதற்குள் விளம்பரங்கள் பேப்பரிலிருந்து போன் திரைக்கு மாறிவிட்டிருந்தன.

ஹீட்டர் விளம்பரம் கண்ணில் பட்டால்

அமெரிக்கா, கனடா, இங்கிலாந்தில் பிள்ளைகள், உறவினர்கள் இருப்பவர்களுக்கு இது கண்டிப்பாகப் பயன்படும். இப்போது சோஷியல் மீடியாவில் சுற்றுவது உள்ளங்கை அளவு குட்டி ஹீட்டர்கள். தாடி வைத்த தச்சருக்குப் பதிலாக 'இளம் இன்ஜினியர் கண்டுபிடித்தது', 'கரண்ட் கம்பெனிகள் மறைக்கப் பார்ப்பது' என்று கதை மட்டும் மாறியிருக்கிறது. சுவர் ப்ளக்கில் செருகினால் பத்து நிமிஷத்தில் வீடே கதகதப்பாகும் என்பார்கள்.

கதையை விட்டுவிட்டு வாட்ஸ் எவ்வளவு என்று மட்டும் தேடுங்கள். பல குட்டி ஹீட்டர்கள் 400, 500 வாட்ஸ்தான். 1500 வாட்ஸ் பெட்டியே ஒரு அறையோடு நின்றுவிடும் என்றால், இது அதில் மூன்றில் ஒரு பங்கு. வாட்ஸ் எண்ணே போடவில்லை என்றால் விளம்பரத்தை அங்கேயே தள்ளிவிடலாம். பெட்டியில் யு.எல். மாதிரி பாதுகாப்புச் சோதனை முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கி மாட்டிய பிறகு, எந்த ஹீட்டராக இருந்தாலும் கட்டில், திரைச்சீலை, சோபாவிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி வைக்கச் சொல்கிறார்கள் அமெரிக்கத் தீத்தடுப்பு நிபுணர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது, நேராகச் சுவர் ப்ளக்கில்தான் மாட்ட வேண்டும். தூங்கப் போகும்போது அணைத்துவிட வேண்டும்.